ஆறாம் கூடை

2025 மே 6, செவ்வாய்

இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து பில்டிங்குக்குப் பின்னால் இருக்கிற பார்க்கில் நடக்கிறேன். இன்றைக்கு ஒருவன் என்னை மறித்தான்.

பார்க்கின் கீழ்ப்பக்கம், ஒருவரும் போகாத இடத்தில், இரும்புத் தூண்களில் கூடைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கூடைக்கும் மேலே சங்கிலிகள் தொங்கும். புல் முழங்காலுக்கு மேலே. போன கிழமை முழுக்க வாழைப்பழத் தோலை அதற்குள்தான் போட்டேன். குப்பைத் தொட்டிக்குச் சங்கிலி எதற்கு என்று யோசித்தேன்தான். ராக்கூன் கிளறாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"அன்ரி, உது குப்பைத் தொட்டி இல்லை. நாலு தோல் எடுத்து எறிஞ்சிட்டன். ஆரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஐஞ்சு," என்றேன். "ஒண்டை அணில் கொண்டு போட்டுது."

அவன் பெயர் றூபன். ஐம்பது வயது இருக்கும். பஸ் ஓட்டுகிறான். செவ்வாயும் புதனும் லீவு. இது ஒரு விளையாட்டாம். தட்டை எறிந்து கூடைக்குள் விழுத்த வேண்டும். ஒன்பது கூடை. ஆகக் குறைய எறிந்தவர் வெற்றி. ஒரு காலத்தில் கட்டினார்களாம், பிறகு விட்டுவிட்டார்கள். "கட்டினவையும் மறந்திட்டினம், விளையாடினவையும் மறந்திட்டினம். இப்ப நானும் அணிலும்தான்."

இந்தக் கொப்பி என் மகள் பேபி தந்தது. அஜக்ஸில் அவளுடைய இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டயறி. அவளுக்குத் தெரியும், எனக்கு எதையும் எழுதி வைக்கத் தேவையில்லை. யாருடைய திவசம் எந்தத் திதி, யாருடைய பிள்ளை எந்த வருடம் என்று லண்டனிலிருந்தும் எனக்குத்தான் போன் வரும். அருள்மலரக்கா சொன்னால் சரி என்பார்கள். ஆனால் ஒரு சண்டை என்று வந்தால் ஞாபகத்தை ஒருவரும் சாட்சியாக எடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தென்றாலும் எழுத்து எழுத்துத்தான்.

மே 7, புதன்

றூபன் ஒரு செம்மஞ்சள் தட்டுத் தந்தான். பற்றைக்குள் கிடந்ததாம். சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது, விளிம்பு பாரம்.

"புறங்கையாலே ஒருத்தருக்கு அறையிற மாதிரி வீசுங்கோ, அன்ரி."

யாருக்கு என்று நான் யோசிக்கத் தேவையில்லை. என் தங்கச்சி யோகமலருக்கு. தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, அம்மாவை மழையில் நடக்க விட்டுவிட்டு, சைக்கிளில் தையல் மெசினை ஏற்றிக்கொண்டு வந்தவள். பதினோராம் நாள் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் அம்மா போனா. அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் கதையில்லை, பேச்சில்லை. முப்பது வருடம். கடல் கடந்து வந்து ஒரே நகரத்தில் இருபத்திரண்டு வருடம். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

தட்டு பறந்தது.

"அன்ரி!" என்றான் றூபன். "முந்தி எறிஞ்சிருக்கிறியளோ?"

மே 14, புதன்

இந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்று. எறிந்த தட்டு ஆள் நிற்கிற பக்கம் போனால் கத்த வேண்டுமாம். என்ன கத்துவது? "போர்!"

"தம்பி, உதைக் கத்தாதை. வேறை ஏதும் சொல்லு."

"அன்ரி, அது இங்கிலிஸ். ஃபோர். உலகம் முழுக்க உதுதான் கத்துறது."

உலகம் கத்தட்டும். எனக்குக் காதுக்குள்ளே அது தமிழில்தான் விழுகிறது.

மே 28, புதன்

ஒன்பது என்று பெயர். எண்ணினால் எட்டுத்தான். ஒன்பதாவது கூடையை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள், ஒரு மேப்பிள் மரத்துக்கு எறிகிறோம். நாலாம் கூடையில் பாதிச் சங்கிலி அறுந்து கிடந்தது. பேபி பால்கனிக்கு வாங்கித் தந்த கொடிக் கயிற்றால் கட்டினேன். மூன்றுக்கும் ஏழுக்கும் முன்னால் பற்றை வெட்டினேன். இரண்டு நாள் கத்தரிக்கோல் தேய்ந்தது. பாவாடை முழுக்க ஒட்டுமுள்ளு.

முழுச் சுற்றும் நாற்பத்தேழு எறிகை. றூபன் முப்பது.

யூன் 11, புதன்

அவள் வந்திருக்கிறாள்.

ஆறாம் கூடைக்குப் பக்கத்தில் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கு இருக்கிறது. அதில் இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. வாங்கின் மற்ற முனையில் மகள் நிலாணி லப்டொப்போடு. கலியாண ஹோல்களில் தூரத்தில் கண்டிருக்கிறேன், பிழைக்க இடமில்லை. மிசிசாகாவில் இருந்தவர்கள். எங்களுடைய ரோட்டுக்கு ஏன் வந்தார்கள்? என்னுடைய பார்க் ஏன்?

மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. நான் ஏன் ஒளிய வேண்டும்? நானா மெசினை ஏற்றினேன்?

யூன் 12

ஆறை விட்டுவிட்டு விளையாடினேன்.

யூன் 24, செவ்வாய்

"ஆறை ஏன் விடுறியள், அன்ரி? ஆறுதானே உங்களுக்கு லேசு."

"வாங்கிலே ஆள் இருக்கு."

"அவ நல்லவ அன்ரி. என்னைக் காணுற நேரமெல்லாம் 'சாப்பிட்டியோ தம்பி' எண்டு கேப்பா. ஒரு நாளைக்கு நாலு தரம் கேக்கிறா."

நல்லவ. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சனத்தோடு பின்னால் வந்த என் மாமி மட்டும்தான் என்னிடம் உண்மையைச் சொன்னா, அந்தப் பள்ளிக்கூடத்து விறாந்தையில் வைத்து: "உன்ரை கொம்மாவை நடக்கவிட்டிட்டு மெசினுக்கு ராச மரியாதை." சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

யூலை 8, செவ்வாய்

வந்தவுடன் கொப்பியைத் திறந்தேன். இதை எழுத வேண்டும்.

ஐந்தாம் கூடையிலிருந்து ஆறை விட்டுக் குறுக்கே ஏழுக்கு எறிவது இப்போது என் வழக்கம். இன்றைக்குக் காற்று. தட்டு வளைந்து நேரே வாங்குப் பக்கம் போனது. நிலாணி காருக்குப் போயிருந்தாள். வாங்கிலிருந்தவள் தனியே எழும்பி நின்றாள். என் வாய் தானாகத் திறந்தது.

"போர்!"

முப்பது வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன முதல் சொல்.

தட்டுப் படவில்லை. ஆனால் அவள் நிலத்தில் கிடந்தாள். விழவில்லை, படுத்தாள். குப்புற, இரண்டு கையும் தலைக்கு மேலே. தலையைத் தூக்காமல் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா, படு! பொம்பர் சுத்துறான் அக்கா, படு!"

நான் மேலே பார்த்தேன். ஒரு விமானம் போய்க்கொண்டுதான் இருந்தது, எயார்போர்ட் பக்கமாக. பார்த்தேன், பிறகு — நானும் படுத்தேன். எழுபத்து மூன்று வயதில், முழங்கால் மாற்றிய காலோடு, வாத்துப் பீ கிடந்த புல்லில்.

நாயோடு வந்த வெள்ளைக்காரி ஓடி வந்து "ஓகே? ஓகே?" என்று அம்புலன்ஸுக்குப் போன் அடிக்கப் போனாள். றூபன் விழுந்தடித்து வந்தான். "ஐயோ அன்ரி, ரெண்டு பேருக்கும் பட்டுட்டுதோ?"

"ஒருத்தருக்கும் படேல்லை. நீ கத்தச் சொன்னதைத்தான் கத்தினன்."

அவள் கன்னத்தைப் புல்லில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "போயிட்டான், அக்கா. எழும்பு." எழும்பி என் சட்டையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டாள். "எப்ப வந்தனீ? சாப்பிட்டியோ?"

முந்தாநாள்தான் பிரிந்த மாதிரி.

யூலை 9, புதன்

நிலாணி பில்டிங் வாசலில் வந்து நின்றாள். மேலே கூப்பிடவில்லை நான்.

"பெரியம்மா, அம்மாவுக்கு டிமென்ஷியா. ரெண்டு வருசமாச்சு. உங்களோடை கோபம் எண்டதே அவவுக்கு நினைவில்லை. ஒவ்வொரு நாளும் 'அக்கா ஏன் வரேல்லை' எண்டு கேப்பா. அதுதான் கிட்ட வந்தனாங்கள். நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டு பயத்திலே சொல்லேல்லை."

மறந்துவிட்டாளாம்.

எவ்வளவு வசதி! நான் முப்பது வருசமா நெஞ்சுக்குள்ளே வைச்சுக் காவுறன், இவள் மறந்திட்டாளாம்! அப்ப நான் ஆரோடை கோபம்? வாங்கோடையோ? கேக்க வேண்டியதை இனி ஆரிட்டைக் கேக்கிறது?

யூலை 16, புதன்

கேட்கத்தான் போகிறேன். முழுக்க மறக்க முன்னம். ஏன் அம்மாவை நடக்க விட்டாய் என்று ஒரு கேள்வி. அவள் வாயால் ஒரு மறுமொழி. மன்னிப்புக் கேட்டால் கேட்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

றூபனுக்குச் சட்டம் போட்டுவிட்டேன். இந்தப் பார்க்கில் இனி அந்தச் சொல் இல்லை. "விலத்து" என்று கத்த வேண்டும். "அன்ரி, வெள்ளைக்காரருக்கு விளங்காதே?" என்றான். எனக்கு மட்டும் இந்த நாட்டில் எல்லாம் விளங்கியா நடக்கிறது?

ஓகஸ்ட் 6, புதன்

அவளும் எறிகிறாள். நான் கூப்பிடவில்லை. என் கையிலிருந்த தட்டைத் தானாக வாங்கினாள். எனக்குப் பன்னிரண்டு எறிகையில் தட்டு விழாத ஏழாம் கூடையில் அவளுக்கு ஐந்தில் விழுந்தது. சங்கிலி கலகலவென்று சத்தம் போட, கை தட்டினாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு, "அக்கா, நான் ஒண்டும் எறியேல்லையே?" என்றாள்.

"எறிஞ்சனீ. ஐஞ்சு."

அவளுக்கும் சேர்த்து நான்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

ஓகஸ்ட் 19

நாய்க்காரி இன்றைக்கு நாயைப் பார்த்து "விலத்து!" என்றாள். நாய் விலத்தியது. யோகம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

செப்டெம்பர் 3, புதன்

நிலாணி விட்பியில் வீடு எடுத்துவிட்டாளாம். நவம்பர் தொடக்கத்தில் போகிறார்கள். பக்கத்தில் யோகத்தைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாம்.

நான் என்ன யோசிக்கிறேன் என்று நிலாணிக்கு எப்படித் தெரிந்ததோ. "பெரியம்மா, பழசைக் கேக்காதையுங்கோ, பிளீஸ். ஒண்டைப் பிடிச்சாவெண்டால் விடமாட்டா. நாள் முழுக்க அழுவா."

"நான் என்னத்தைக் கேக்கப் போறன்?" என்றேன்.

செப்டெம்பர் 17, புதன்

கேட்டேன்.

ஆறாம் கூடை. றூபன் எட்டடி தள்ளி நின்றான். நிலாணி போனில். யோகம் எறிந்தது சங்கிலியில் பட்டு வெளியே விழுந்தது. எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"யோகம், அம்மாவை ஏன் நடக்கவிட்டனீ?"

"எண்டைக்கு?"

"இடம்பெயரேக்கை."

"நான் எங்கை விட்டனான்? அவவெல்லோ இறங்கினவ." தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செம்மணி வரைக்கும் சைக்கிளிலே பின்னாலே இருந்தவ, நான் உருட்டினனான். மெசின் என்ரை தலையிலே. சனம் நெரிக்குது, மழை, எனக்குக் கழுத்து முறியுது. பாலத்துக்குக் கிட்ட இறங்கிட்டா. 'மெசினை வைச்சுக் கட்டடி. அது அருளின்ரை. மனுசனும் இல்லாதவள், அதுவும் போனால் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுப்பாள்' எண்டவ. நான் ஏசினன் அக்கா. கேக்கேல்லை. ஒரு கையாலே மெசினைப் பிடிச்சவ, மற்றக் கையிலே குடை. குடையும் மெசினுக்குத்தான். தனக்கில்லை."

எறிந்தாள். விழுந்தது.

"அக்கா, எத்தினை எறிஞ்சனான்?"

எனக்கு எண்ணிக்கை விட்டுப் போயிருந்தது.

செப்டெம்பர் 18

இந்தக் கொப்பியில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதத் தேவையில்லை என்று விட்டது.

அது என்னுடைய மெசின்.

அவளுக்கு நூல் கோக்கவே தெரியாது. சாவகச்சேரியிலும் பிறகு வன்னியிலும் ஆறு வருடம் அந்த மெசினில்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அவளோடு கதைக்காமல், அவள் கொண்டு வந்த மெசினில் தைத்தேன். நானா மெசினைக் கேட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லைத்தான்.

இன்னொன்று. அந்த மழையில் ஊரே ஊறிப்போய் வந்தது. மெசின் ஈரமில்லாமல் வந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. முப்பது வருடமாக எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது ஏன் நனையவில்லை என்று மட்டும் நான் ஒரு நாளும் யோசிக்கவில்லையே, ஏன்?

செப்டெம்பர் 24, புதன்

உறுதிப்படுத்த வேண்டும் என்று திரும்பக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மாவோ? அவ உன்னோடை ட்ரக்டரிலே போனவ," என்றாள்.

"இல்லை. போன கிழமை வேறை சொன்னனீ. பாலத்திலே இறங்கினவ எண்டு."

அவள் முகம் மாறியது. "இறங்கினவவோ? மழையிலேயோ? அப்ப நடந்தே வந்தவ? நான் நடத்திப்போட்டனோ, அக்கா?"

காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாதவளின் வாயில் எந்தக் கதையை நம்புவது? என்னுடைய கதை மட்டும் என்ன? நான் கண்டேனா? நான் ட்ரக்டரில் முன்னால் போய்விட்டேன். மாமி சொன்னதைக் கேட்டேன். மாமிக்கு யோகத்தைக் கண்ணில் காட்டக் கூடாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஒக்டோபர் 2

நிலாணி போன் எடுத்தாள். ஏசினாள். எனக்கு ஒரு பிள்ளை இப்படி ஏசினதில்லை.

"என்ன கேட்டனீங்கள் அவவிட்டை? ஒரு கிழமையா 'அம்மாவை நடத்திப்போட்டன், நடத்திப்போட்டன்' எண்டு அழுகிறா. ஷீ வோன்ட் ஈட், சாப்பிடுறாவேயில்லை, பெரியம்மா. குடையை எடுத்துக்கொண்டு வெளியிலே ஓடுறா. முப்பது வருசம் போதாதெண்டோ?"

அவள் வைக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். 

ஒக்டோபர் 14, செவ்வாய்

வாங்கு வெறுமை.  நாலாம் கூடையில் நான் கட்டின கயிறு இற்றுவிட்டது, றூபன் கம்பி கொண்டு வந்து கட்டினான்.

ஆறை எறிந்தேன். யாருக்கும் அறைகிற மாதிரி வீசக் கை வரவில்லை. தட்டு பாதியில் விழுந்தது.

ஒக்டோபர் 30, வியாழன்

மழை. பார்க்குக்குப் போகவில்லை.

முப்பது வருடத்துக்கு முன் இதே நாள், ட்ரக்டரில் என் மடியில் பேபி. காலடியில் பானை சட்டி மூட்டை. நீலச் சீலையில் கட்டின மூட்டை, மூன்று சட்டி, ஒரு பெரிய பானை, அகப்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூட்டை இருந்த இடத்தில் ஒரு ஆள் இருக்கலாம். ஒல்லியான ஒரு மனிசி கட்டாயம் இருக்கலாம்.

இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மாமியும் கேட்கவில்லை. யோகமும் கேட்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

சனிக்கிழமை போகிறார்கள். "தட்டு, தட்டு எண்டு அழுகிறா. ஒருக்காத்தான்," என்று நிலாணி கூட்டிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. லப்டொப்பையும் திறக்கவில்லை.

யோகம் மெலிந்து போயிருந்தாள். ஐந்தாம் கூடை வரை நன்றாக எறிந்தாள். ஆறில் வந்து நின்றுவிட்டாள். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா. நான் அம்மாவை மழையிலே நடத்திப்போட்டனோ?"

நிலாணி வாங்கிலிருந்து எழும்பினாள்.

"எனக்கு ஒண்டும் பிடிபடுதில்லை அக்கா. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நீ சொன்னால் சரி. சொல்லு."

"இல்லை," என்றேன். "அம்மா சைக்கிளிலேதான் வந்தவ. நீதான் ஏத்திக்கொண்டு வந்தனீ. பள்ளிக்கூட வாசலிலே நான்தான் கையைப் பிடிச்சு இறக்கினனான்."

"அப்ப மெசின்?"

"அது என்னோடை ட்ரக்டரிலே வந்தது. பானை சட்டியை இறக்கிப்போட்டு நான் ஏத்தினனான்."

"அம்மா நனையேல்லையே?"

"ஒரு துளி நனையேல்லை. நீ குடை பிடிச்சனீ."

தட்டை நெஞ்சிலிருந்து எடுத்தாள். பிறகு மூச்சு விட்டாள். எறிந்தாள். வெளியே போனது. எடுத்துக் கொடுத்தேன், எறிந்தாள், கொடுத்தேன். கடைசியில் சங்கிலி சத்தம் போட்டது.

"எத்தினை, அக்கா?"

"மூண்டு."

"ஏழெல்லோ, அன்ரி?" என்றான் றூபன்.

"மூண்டு. பஸ் ஓட்டுற நீ என்ரை ஞாபகத்தோடை போட்டிக்கு வராதை."

 போகும்போது நிலாணி என் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

குளிர். பாதை வழுக்குகிறது. ஆறை மட்டும் எறிந்துவிட்டு வந்தேன். ஆறு எறிகை. ஆறு என்றால் ஆறுதான்.

நிலாணி விட்பியிலிருந்து போன். அந்தப் பகல் இடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு படிவம் நிரப்பக் கொடுத்திருக்கிறார்களாம். எங்கே பிறந்தா, என்ன நடந்தது, எதைக் கதைத்தால் சந்தோசம், எதைக் கதைக்கக் கூடாது. "பெரியம்மா, அம்மம்மா சைக்கிளிலே வந்தவ எண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லுறா. அண்டைக்கு நீங்கள் சொன்னது உண்மையோ? பேபியக்காவைக் கேட்டனான். நீங்கள் வேறை மாதிரித்தான் சொல்லிக்கொண்டிருந்தனீங்களாம்."

"பேபி அப்ப என்ரை மடியிலே நித்திரை. அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுறதை எழுது."

எழுதினாள். திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பின்னால் யோகத்தின் குரல்: "ஆரடி அது? அக்காவோ? சாப்பிட்டாவோ எண்டு கேள்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை றூபன் லீவு மாற்றியிருக்கிறான். விட்பிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான். என் தட்டையும் யோகத்துக்கென்று றூபன் தந்த தட்டையும் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன்.

பேபி வந்தால் இந்தக் கொப்பியைத் திறந்து பார்ப்பாள். ஆகவே இதிலும் இருக்கட்டும்.

1995 ஒக்டோபர் 30. மழை. அம்மா சைக்கிளில் வந்தா. யோகம் ஏற்றிக்கொண்டு வந்தாள். நான் கண்டேன். சாட்சிக்கு எழுதி வைக்கிறேன்.